இங்கிலாந்தில் வீடு வாங்கவும் விற்கவும் சொலிசிட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சொலிசிட்டர் என்பவர் வீட்டின் சட்ட வேலையைச் செய்து தரும் வழக்கறிஞர். சட்ட நடைமுறை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். வரிக் கணக்கு இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும் முறையே வேறு.

வீட்டை ஏஜென்ட் காட்டிவிட்டார், கடனை வங்கி தருகிறது. சொலிசிட்டர் எதற்கு?

ஏஜென்ட் விற்பவருடைய ஆள். அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர்தான். வங்கி தன் கடனுக்கு வீடு ஈடாகுமா என்று மட்டும் பார்க்கும். இத்தனை பேர் நடுவே உங்கள் நலனைப் பார்க்கும் கடமை சட்டப்படி உள்ளவர் உங்கள் சொலிசிட்டர் ஒருவர்தான். விற்பவருக்கு அந்த வீடு உண்மையில் சொந்தமா, அதன் மேல் என்ன கடன் இருக்கிறது, பின்பக்கச் சந்தில் நடந்துபோக உங்களுக்கு உரிமை உண்டா, மாடியறை கட்ட அனுமதி வாங்கினார்களா என்பதையெல்லாம் அவர் காகிதத்தில் தேடிக் கண்டுபிடிக்கிறார்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெரும்பாலும் அதே சொலிசிட்டர்தான் வங்கிக்காகவும் வேலை செய்கிறார். வங்கி தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி அவர் காதுக்கு வந்தால், உதாரணமாக விற்பவர் உங்களுக்கு ஒரு தொகையைத் தனியாகத் திருப்பித் தருவதாகப் பேசியிருந்தால், அதை வங்கிக்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல நீங்கள் சம்மதிக்காவிட்டால் அவர் விலகிக்கொள்வார்.

சொலிசிட்டர், லைசென்ஸ்டு கன்வேயன்சர்: இருவரில் யார் நல்லது?

லைசென்ஸ்டு கன்வேயன்சர் என்பவர் முக்கியமாக வீடு வாங்கும் விற்கும் சட்ட வேலைக்கென உரிமம் பெற்றவர். வழக்கமான வீட்டுக்கு யாராக இருந்தாலும் சரி. சொலிசிட்டர்களை எஸ்ஆர்ஏ எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம் கண்காணிக்கிறது. கன்வேயன்சர்களுக்குத் தனிக் கவுன்சில் இருக்கிறது. இரண்டு அமைப்புகளின் இணையதளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். மணமுறிவு, வாரிசுரிமை, கம்பெனி விவகாரம் ஏதாவது வீட்டோடு சிக்கியிருந்தால் சொலிசிட்டரிடம் போவது நல்லது.

ஊரில் நொத்தாரிசிடம் (நோட்டரியிடம்) போனால் ஒரே நாளில் உறுதி (பத்திரம்) முடிந்துவிடும். இங்கே ஏன் மூன்று நான்கு மாதம்?

ஊரில் சொத்தின் பூர்வீகத்தை நாம் முன்பே விசாரித்து வைத்திருப்போம்; வில்லங்கச் சான்று எடுத்திருப்போம்; அதன் பிறகுதான் நொத்தாரிசிடமோ பத்திர அலுவலகத்துக்கோ போவோம். இங்கே அந்த விசாரணை முழுவதும் விலை பேசிய பிறகுதான் தொடங்குகிறது. வங்கியின் கடன் கடிதம், உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் பதில், ஃபிளாட் என்றால் நிர்வாகக் கம்பெனியின் ஆவணங்கள் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வர வேண்டும். ஒருவர் தன் வீட்டை விற்றால்தான் அடுத்ததை வாங்க முடியும் என்று மேலே கீழே நான்கு வீடுகள் சங்கிலியாக இருந்தால், மிகவும் மெதுவாக நகரும் குடும்பத்தின் வேகம்தான் எல்லாருடைய வேகமும்.

பதிலுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. தமிழ்நாட்டில் பத்திரம் பதிவானால் நடந்த பரிவர்த்தனை பதிவாகிறது. உரிமைக்கு அரசு பொறுப்பேற்பதில்லை. இங்கே நிலப் பதிவகத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் அந்த உரிமைக்கு அரசின் உத்தரவாதம் இருக்கிறது. பழைய பத்திரக் கட்டைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

எப்போது அமர்த்துவது? ஏஜென்ட் சொல்பவரையே எடுத்துக்கொள்ளலாமா?

வீடு பார்க்கத் தொடங்கும்போதே ஒருவரைப் பேசி வையுங்கள். விலை ஒத்துக்கொண்ட அன்றே ஏஜென்ட் ‘உங்கள் சொலிசிட்டர் யார்?’ என்று கேட்பார். கையில் பெயர் இல்லையென்றால் அவர் சொல்பவருக்கே தலையாட்டிவிடுவோம். அவர் சிபாரிசு செய்பவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சிபாரிசுக்கு ஏஜென்டுக்குப் பணம் போகிறதா, எவ்வளவு என்று கேளுங்கள். அதை மறைக்கக் கூடாது என்பது விதி. அவரைத்தான் எடுத்தாக வேண்டும் என்று ஏஜென்ட் உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

அமர்த்துவதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். என் கோப்பை அன்றாடம் பார்ப்பவர் யார்? அவருக்கு நேரடி தொலைபேசி எண் உண்டா? நான் கடன் வாங்கும் வங்கி தன் வேலைக்கு ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின் பட்டியலில் உங்கள் நிறுவனம் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டுப் பாதி வழியில் ஆள் மாற்றியவர்கள் உண்டு.

கட்டணம் எவ்வளவு ஆகும்?

2018 டிசம்பரிலிருந்து, இந்த வேலையை மேற்கொள்ளும் சொலிசிட்டர் நிறுவனங்கள் விலை விவரத்தைத் தாங்களே வெளியிட வேண்டும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒப்பிடும்போது மேலே பெரிதாகப் போட்டிருக்கும் தொகையை மட்டும் பார்க்காமல் கீழே வரை படியுங்கள். அவர்களின் உழைப்புக்கான கட்டணம் ஒன்று, அதன் மேல் 20 சதவீதம் வாட் வரி. தேடல்கள் (கவுன்சில் போன்ற இடங்களில் வீட்டைப் பற்றிக் கேட்டுப் பெறும் விவரங்கள்), நிலப் பதிவகக் கட்டணம் போன்றவை தனி. லீஸ்ஹோல்ட் (பெரும்பாலும் ஃபிளாட்டுகளுக்கு உள்ள, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகை உரிமை) என்றால் கூடுதல், பரிசுப் பணம் என்றால் கூடுதல், வங்கிப் பரிமாற்றத்துக்குக் கூடுதல் என்று சில இடங்களில் வரிசையாகச் சேரும். எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதித் தரச் சொல்லுங்கள். வியாபாரம் முறிந்தால் என்ன கட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

என் கருத்தைக் கேட்டால், வாழ்நாளின் மிகப் பெரிய செலவில் இருநூறு பவுண்டு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

தமிழ் பேசும் சொலிசிட்டர் தேவையா?

ஆங்கிலச் சட்டக் கடிதம் புரியாமல் திணறுகிறீர்கள் என்றால் தேவைதான். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. பதினைந்து வயது மகளை நடுவில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மொழி மட்டும் தகுதியாகாது. குடிவரவு வழக்கில் கைதேர்ந்தவர் வீட்டு வேலையிலும் கைதேர்ந்தவராக இருப்பார் என்று நினைக்கக் கூடாது. தினமும் வீட்டுக் கோப்பு பார்ப்பவர்தான் வேண்டும். கோயிலில் பழக்கம், மாமாவின் நண்பர் என்று போனால் வேறொரு சங்கடம்: தாமதமானால் கடிந்து கேட்க வாய் வராது.

என் பணத்தைப் பற்றி ஏன் இப்படித் துருவுகிறார்கள்? நான் என்ன கள்ளக்கடத்தல்காரனா?

இந்தக் கோபம் நியாயமானது, ஆனால் அவர் மேல் காட்டிப் பயனில்லை. 2017-ஆம் ஆண்டின் கறுப்புப்பணத் தடுப்பு விதிகளின்படி, பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் சரிபார்த்தே ஆக வேண்டும். சம்பளத்தில் சேமித்த பணம் என்றால் வங்கி அறிக்கை போதும். நம்மவர்களுக்குச் சிக்கல் வேறு மூன்று இடங்களில் வருகிறது.

முதலாவது சீட்டுப் பணம். ஒரே வாரத்தில் பன்னிரண்டு வெவ்வேறு பெயர்களிலிருந்து உங்கள் கணக்கில் பணம் விழுந்திருந்தால், சீட்டு என்றால் என்னவென்றே அறியாத ஒருவருக்கு அது எப்படித் தோன்றும் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் மாதா மாதம் கட்டிய தொகை வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும். சீட்டு நடத்துபவரிடமிருந்து உறுப்பினர், தவணை, எடுத்த மாதம் எல்லாம் குறித்த கடிதம் வேண்டும். ரொக்கமாகக் கட்டி ரொக்கமாக எடுத்த சீட்டை நிரூபிப்பது மிகக் கடினம். பல நிறுவனங்கள் சில நூறு பவுண்டுக்கு மேல் ரொக்கமாக வாங்குவதுமில்லை. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்றிலிருந்தே சீட்டை வங்கி வழியாக நடத்துங்கள்.

இரண்டாவது பெற்றோர் தரும் பணம். அது பரிசு, திருப்பிக் கேட்க மாட்டோம், வீட்டில் பங்கும் கேட்க மாட்டோம் என்று வங்கிக்கு அவர்கள் எழுத்தில் தர வேண்டும். உண்மையில் அது கடன் என்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்திடச் சொல்லாதீர்கள். தம்பியின் கல்யாணத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று வீட்டுக்குள் பேசிவைத்துவிட்டு, பரிசு என்று எழுதிக் கொடுப்பது பொய்ச் சான்று. அவர்களுடைய அடையாள ஆவணமும் வங்கி அறிக்கையும் கேட்கப்படும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

மூன்றாவது ஊரிலிருந்து வரும் பணம். காணியோ வீடோ விற்ற பத்திரம், விற்ற தொகை கணக்கில் ஏறியதற்கான அறிக்கை, அங்கிருந்து இங்கே வங்கி வழியாக அனுப்பிய ரசீது: மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். தமிழ் ஆவணங்களுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு கேட்கக்கூடும். உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் வந்த பணம் என்றால் பெரும்பாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

ஊரில் அப்பா விட்டுப்போன வீட்டில் எனக்குப் பங்கு இருக்கிறது. அதை இங்கே சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும், முதல் நாளே. பெரிய தொகைகள் இதில்தான் புரள்கின்றன.

முதல் வீடு வாங்குபவருக்கான ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) சலுகை, உலகில் எங்குமே இதற்கு முன் வீடு சொந்தமாக இல்லாதவருக்குத்தான். யாழ்ப்பாணத்தில் வாரிசாக வந்த வீட்டில் நான்கில் ஒரு பங்கு இருந்தாலும் சலுகை போய்விடும். இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருமே முதல் முறை வாங்குபவர்களாக இருக்க வேண்டும். அது போதாதென்று, இன்னொரு வீடு வைத்திருப்பவருக்கு 5 சதவீதம் கூடுதல் வரி உண்டு. அங்கும் வெளிநாட்டு வீடு கணக்கில் சேரும், உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு இருந்தாலும் சேரும்.

4,50,000 பவுண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி முதல் வீட்டுச் சலுகையுடன் வரி 7,500 பவுண்டு. சலுகை இல்லையென்றால் 12,500. கூடுதல் வரியும் சேர்ந்தால் 35,000. ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் பங்கு இந்த வித்தியாசத்தைச் செய்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு. வாரிசாக வந்த பங்கு பாதிக்கு மேற்படாமல் இருந்து, வந்து மூன்று ஆண்டுக்குள் நீங்கள் வாங்கினால் கூடுதல் வரிக்கு அதைப் பொதுவாகக் கணக்கிடுவதில்லை. குடியிருந்த வீட்டை விற்று வேறு வீட்டுக்கு மாறுபவருக்கும் தனி விதி இருக்கிறது. இதையெல்லாம் எடைபோட வேண்டியவர் சொலிசிட்டர் அல்லது வரி ஆலோசகர். அவரிடம் உண்மை முழுவதும் போய்ச் சேர வேண்டும். மறைத்துக் கட்டாமல் விட்ட வரி பின்னால் வட்டியோடும் அபராதத்தோடும் வரும்.

தேடல்கள் எல்லாம் செய்தாயிற்று என்றார்கள். அப்படியானால் வீடு நல்ல வீடுதானே?

இல்லை. சொலிசிட்டர் வீட்டைப் பார்க்க வருவதே இல்லை. கூரை ஒழுகுவதும் சுவரில் ஈரம் ஏறுவதும் அவருக்குத் தெரியாது. அதற்கு நீங்கள் தனியாக ஒரு சர்வேயரை அமர்த்த வேண்டும். வங்கி செய்யும் மதிப்பீட்டை சர்வே என்று நம்பிவிடாதீர்கள். அது வங்கிக்காகச் செய்வது.

கவுன்சில் தேடலுக்கும் எல்லை உண்டு. வாசல் சாலை கவுன்சில் பராமரிப்பில் இருக்கிறதா, அந்த வீட்டுக்கு என்ன கட்டட அனுமதிகள் கொடுத்தார்கள், மரம் வெட்டத் தடை இருக்கிறதா என்பதெல்லாம் வரும். பின்னால் உள்ள காலி இடத்தில் ஆறு மாடி கட்ட யாராவது விண்ணப்பித்திருந்தால் வழக்கமான தேடலில் அது வராது. கவுன்சில் இணையதளத்தில் அந்தத் தெருவின் பெயரைப் போட்டு நீங்களே அரை மணி நேரம் பாருங்கள்.

தோட்டத்தின் கடைசியில் ஒரு அறை, மேலே ஒரு மாடியறை. அனுமதிக் காகிதம் இல்லை என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

கிழக்கு லண்டனில் இது அன்றாடக் கதை. உடனே ‘இண்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துவிடலாம்’ என்பார்கள். ஒருமுறை பணம் கட்டினால், பின்னாளில் கவுன்சில் நடவடிக்கை எடுத்து உங்களுக்கு நட்டம் வந்தால் அது ஈடுகட்டும். அந்த மாடியின் உத்திரம் பாரம் தாங்குமா, தீப்பிடித்தால் குழந்தைகள் இறங்கி வர வழி இருக்கிறதா என்பதற்கு அந்தக் காகிதத்தில் பதில் கிடையாது. குழந்தைகளைத் தூங்கவைக்கப் போகும் அறை என்றால் சர்வேயரிடமோ கட்டடப் பொறியாளரிடமோ காட்டிய பிறகே முடிவெடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை: ஆர்வக்கோளாறில் நீங்களே கவுன்சிலுக்குத் தொலைபேசியில் பேசி அந்த அறையைப் பற்றி விசாரித்துவிடாதீர்கள். கவுன்சிலின் கவனத்துக்கு விஷயம் போய்விட்டால் இந்த இன்ஷூரன்ஸைப் பொதுவாகத் தர மாட்டார்கள். முதலில் சொலிசிட்டரிடம் கேளுங்கள்.

ஃபிளாட் வாங்குகிறேன். தனியாக என்ன பார்க்க வேண்டும்?

லீஸில் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் நீட்டிக்கும் செலவு கூடும் என்பது நெடுநாளைய விதி. அதை மாற்ற 2024-இல் சட்டம் நிறைவேறியது, ஆனால் அதன் பகுதிகள் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன. உங்கள் ஃபிளாட்டுக்கு இன்றைய நிலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) கடந்த மூன்று ஆண்டில் எப்படி ஏறியது, பெரிய பழுதுவேலை ஏதும் வரப்போகிறதா, உயரமான கட்டடம் என்றால் வெளிச்சுவர் மேலுறையின் (கிளாடிங்) தீப்பாதுகாப்பு எப்படி என்பவை அடுத்தவை.

‘எக்ஸ்சேஞ்ச்’ அன்று என்ன நடக்கிறது? அதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உங்கள் சொலிசிட்டரின் கோப்பில் தேதி போடாமல் காத்திருக்கும். விற்பவர் கையெழுத்திட்ட பிரதி அவர் சொலிசிட்டரிடம். ஒரு நாள் இருவரும் தொலைபேசியில் பேசி, விலையையும் குடிபுகும் தேதியையும் வரி வரியாகச் சரிபார்த்து, தேதியை எழுதி, பேசிய நேரத்தைக் குறித்துவைக்கிறார்கள். அந்த நொடியில் இரு தரப்பும் கட்டுப்பட்டுவிடுகிறது.

அதுவரை யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. விலை ஒத்துக்கொண்டு, சர்வேக்குச் செலவழித்து, திரைச்சீலைக்கு அளவெடுத்த பிறகும் விற்பவர் அதிக விலை தருபவரிடம் போகலாம், சட்டம் தடுக்காது. மனத்துக்குக் கொடுமையான முறைதான். அதே உரிமை உங்களுக்கும் உண்டு என்பதால் அந்தக் காலத்தைப் பயன்படுத்துங்கள். சொலிசிட்டர் அனுப்பும் அறிக்கையை ஒரு மாலை உட்கார்ந்து முழுவதும் படித்து, சந்தேகங்களை மின்னஞ்சலில் எழுதுங்கள். நிலப் பதிவக வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்: வேலி இருக்கும் இடமும் வரைபடத்தின் சிவப்புக் கோடும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றனவா? கார் நிறுத்தும் இடம் கோட்டுக்குள் இருக்கிறதா? சொலிசிட்டர் பார்க்காத வீட்டை நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்கள்.

எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு பின்வாங்கினால் வழக்கமாக விலையில் 10 சதவீதமான முன்பணம் போய்விடும், வழக்கும் வரலாம். வழக்கமான ஒப்பந்தப்படி அன்றிலிருந்தே வீட்டின் ஆபத்து வாங்குபவர் தலையில் என்பதால், அதே நாளில் கட்டட இன்ஷூரன்ஸ் தொடங்க வேண்டும். சாவி இன்னும் கைக்கு வரவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

அம்மா, அப்பா எங்களோடு இருக்கப்போகிறார்கள். அவர்களிடம் ஏன் கையெழுத்து கேட்கிறார்கள்?

அங்கே வசிக்கப்போகும், பத்திரத்தில் பெயர் இல்லாத வயதுவந்தவர்களிடம் வங்கி ஒரு சம்மதப் பத்திரம் கேட்கும். நீங்கள் தவணை கட்டத் தவறி வங்கி வீட்டை எடுத்தால், எனக்கு இங்கே இருக்க உரிமை உண்டு என்று அவர்கள் எதிர்க்க மாட்டார்கள் என்பதே அதன் பொருள். முன்பணத்தில் பெற்றோரின் வாழ்நாள் சேமிப்பு இருந்தால் இது அவர்களுக்கு மிகப் பெரிய விஷயம். ‘சும்மா ஒரு கையெழுத்து அப்பா’ என்று வாங்கிவிடாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த மொழியில், நீங்கள் பக்கத்தில் இல்லாமல், வேறொரு சொலிசிட்டர் விளக்கட்டும்.

கணவன் மனைவியோ சகோதரர்களோ சேர்ந்து வாங்கினால், ஒருவர் இறந்தால் பங்கு தானாக மற்றவருக்குப் போகும் முறையா, அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்குப் போகும் முறையா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் சமமில்லாத தொகை போட்டிருந்தால் இரண்டாவது முறையும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று குறிக்கும் பத்திரமும் (டிக்ளரேஷன் ஆஃப் டிரஸ்ட்) வேண்டும்.

பணம் அனுப்பும் நேரத்தில், வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது.

அனுப்பாதீர்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து, சொலிசிட்டர் எழுதுவது போலவே எழுதி, முன்பணத்தைத் தட்டிச்செல்லும் மோசடி இது. முதல் நாள் தந்த கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் நீங்களே அழைத்துக் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, வந்துவிட்டதா என்று கேட்ட பிறகு மீதியை அனுப்புங்கள்.

நான் விற்கிறேன். எனக்கு என்ன வேலை?

விற்பனைக்குப் போடும்போதே சொலிசிட்டரை அமர்த்தி, டிஏ6 எனப்படும் சொத்து விவரப் படிவத்தை வாங்கி நிரப்பத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு இருந்ததா, தோட்டத்தில் ஜப்பானிய நாட்வீட் என்ற, வேகமாகப் பரவிச் சேதம் செய்யும் செடி இருந்ததா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள், பொய் சொல்லி விற்றால் வாங்கியவர் பின்னால் நட்டஈடு கேட்டு வழக்குப் போட முடியும். ஜன்னல், கொதிகலன், மின்வேலைச் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுங்கள். ஃபிளாட் என்றால் நிர்வாகக் கம்பெனியிடமிருந்து விவரத் தொகுப்பு வரவே வாரக்கணக்கில் ஆகும். எடுத்துப்போகும் பொருள், விட்டுப்போகும் பொருள் பட்டியலிலும் கவனம் வேண்டும். சுவரில் பொருத்திய சாமி அலமாரியைக் கழற்றிக்கொண்டு போவதென்றால் அதை அங்கே எழுதுங்கள்.

சொலிசிட்டர் பதிலே தருவதில்லை. என்ன செய்வது?

தினமும் மூன்று முறை அழைப்பதில் பயனில்லை. ‘இப்போது யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம்?’ என்று வாரம் ஒருமுறை ஒரு வரி எழுதுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், சட்டச் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் லீகல் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.

சாவி கிடைத்துவிட்டது. அத்துடன் முடிந்ததா?

உங்கள் பக்கம் கிட்டத்தட்ட முடிந்தது. சொலிசிட்டர் 14 நாளுக்குள் ஸ்டாம்ப் டியூட்டி கணக்கைத் தாக்கல் செய்து வரியைக் கட்டி, நிலப் பதிவகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு முடியச் சில வேளை மாதக்கணக்கில் ஆகும். முடிந்ததும் அனுப்பும் பிரதியில் பெயரின் எழுத்துகளையும் முகவரியையும் பாருங்கள். நம் நீளமான பெயர்களில் ஓர் எழுத்து தவறுவது சகஜம், அப்போதே சொன்னால் எளிதாகத் திருத்தலாம். பிறகு நிலப் பதிவகத்தின் இலவசச் சொத்து எச்சரிக்கைச் சேவையில் உங்கள் மின்னஞ்சலைப் பதிந்துவையுங்கள். வாடகைக்கு விட்ட வீடோ பூட்டிக் கிடக்கும் வீடோ இருந்தால் இது மிகவும் அவசியம்: யாராவது அந்த வீட்டின் மேல் விண்ணப்பம் போட்டால் உங்களுக்குத் தகவல் வரும்.